சம்பளச் சீட்டின் மறுபக்கம்

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





இளைஞர் சார்பிற் பேசும்படி செயலாளர் எம்மைக் கேட்டபோது, பல்கலைக்கழக மாணவராகிய நாம் இலக்கியத்தையோ வரலாற்றையோ எடுத்துக்கொள்வோம் என்றே அவர் எண்ணியிருப்பார். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ காசு. காசைப் பற்றிச் சபையிற் பேசுவது அழகன்று என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். வீட்டுக்குள்ளேயும் பிள்ளைகள் முன்னிலையில் அதனைப் பேசமாட்டார்கள். அப்படிப் பேசாமலிருந்ததனால் எமது வீட்டில் நேர்ந்த ஒரு துன்பமே எம்மை இன்று இந்த மேடைக்குக் கொண்டுவந்தது. ஆதலால் எமது துணிவைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

உழைப்பவர் தமது வேலையினால் உண்டாகும் உரிமைகளை அறிந்து, அவற்றைக்கொண்டு குடும்பத்தின் வரவு செலவையும், வருத்தம் வந்தால் எடுக்கவேண்டிய லீவையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்தல் எவ்வாறு? இதுவே நாம் பேசப்போகும் விடயம்.

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்று எங்கள் பாட்டனார் காலத்திற் சொன்னார்கள். அரசாங்க உத்தியோகம் என்றால் லீவு உண்டு, முதுமையிற் பென்சன் உண்டு, உத்தியோகத்தர் இறந்தால் மனைவி மக்களுக்கும் ஒரு வழி உண்டு என்பதே அந்தப் பழமொழியின் உட்பொருள். அரசாங்கக் கந்தோருக்கு வெளியே வேலை செய்பவனுக்கு மாதச் சம்பளத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து வேரூன்றிவிட்டது. ஆயின், இங்கு அமர்ந்திருக்கும் இளைஞரிற் பெரும்பாலோர் கடைகளிலும் கம்பனிகளிலும் தனியார் வங்கிகளிலும் வேலை செய்கின்றோம், அல்லது நாளை செய்யப்போகின்றோம். எமக்கு ஒன்றுமில்லை என்று நாமே முடிவுசெய்துவிட்டால், இருப்பதையும் கேட்க மாட்டோம். அங்கேதான் நட்டம் தொடங்குகின்றது.

எமது வீட்டுக் கதையைச் சொல்லுகின்றோம்.

எமது தந்தையார் கொழும்பில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருபவர். லீவு எடுக்காத மனிதர் என்று பெயர் பெற்றவர். ஆண்டு முடிவில் முதலாளி அவருடைய தோளிலே தட்டி, “உம்மைப்போல ஒருவர் இல்லை” என்று சொல்லுவார். அந்தச் சொல்லையே அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் நெஞ்சுவலி என்று விழுந்தார். அரசாங்க வைத்தியசாலையிலே இலவசமாக அறுவைச் சிகிச்சை நடந்தது. இலவச வைத்தியம் என்னும் பேறு இந்நாட்டில் எமக்கு வாய்த்திருப்பதை நாம் ஒருபோதும் மறக்கலாகாது. எனினும், சிகிச்சை இலவசமென்றால் வருத்தமும் இலவசமென்பதில்லை. வெளியிலே செய்வித்த பரிசோதனைகள், வைத்தியசாலையில் இல்லாத மருந்துகள், தாயார் கொழும்பிலே தங்கிய செலவு, போக்குவரத்து என்று காசு கரைந்தது. தந்தையார் ஒன்பது வாரம் வேலைக்குப் போகவில்லை. முதல் ஏழு நாளுக்கு மாத்திரம் சம்பளம் கிடைத்தது. மற்ற நாட்களுக்கு ஒன்றும் இல்லை. தாயாரின் சங்கிலியும் காப்பும் அடைவுகடைக்குப் போயின. மாமாவிடமும் கைமாற்று வாங்கினோம்.

அவர் எழும்பி நடமாடத் தொடங்கிய பின்னரே நாம் மெல்லக் கேட்டோம்: “அப்பா, உங்களுடைய சேமலாப நிதிக் கடதாசிகள் எங்கே?” அலுமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை எடுத்துத் தந்தார். உறைகள் பல உடைக்கப்படாமலே கிடந்தன. மிஷன் கல்லூரியிலே கணக்குப் பதிவியல் படித்து, பற்றும் வரவும் எழுதிப் பரிசு வாங்கிய நாம், எமது தகப்பனாரின் கணக்கை அன்றுதான் முதன்முதலிற் பார்த்தோம். ஊரார் கணக்கை இருபத்திரண்டு ஆண்டு எழுதிய அவரும் தம் கணக்கைப் பார்த்ததில்லை.

அந்தத் தகரத்திலிருந்து இரண்டு உண்மைகள் வெளிவந்தன. ஒன்று, வருத்தம் வந்த ஆண்டில் அவருக்குச் சேரவேண்டிய பதினான்கு நாள் வருடாந்த லீவு தொடப்படாமலே இருந்தது. அதைக் கேட்டிருந்தால் அந்தப் பதினான்கு நாட் சம்பளம் வீட்டுக்கு வந்திருக்கும். அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மற்றொன்று, நான்கு ஆண்டுகளாக அவருடைய சம்பளத்திலிருந்து சேமலாப நிதிக்கென்று காசு வெட்டப்பட்டிருந்தது. ஆனால் அது நிதிக்குப் போய்ச் சேரவில்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தோம். இப்போது அது பகுதி பகுதியாகச் செலுத்தப்பட்டு வருகின்றது. ஆண்டுக்கொருமுறை அந்த உறையை உடைத்துப் பார்த்திருந்தால் முதலாம் ஆண்டிலேயே தெரிந்திருக்கும்.

இனி, அந்த உரிமைகள் எவை என்று பார்ப்போம்.

முதலாவது, ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்டது. அப்போது தொழில் அமைச்சராயிருந்தவர் டி. பி. இலங்கரத்ன. ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டப்படும். தொழில் தருபவர் தம் பங்காக நூற்றுக்கு 12 போடவேண்டும். ஓர் ஊழியர் மாத்திரம் உள்ள கடைக்கும் இது பொருந்தும். நிரந்தர வேலை, தற்காலிக வேலை என்ற வேறுபாடும் இல்லை; சேர்ந்த நாளிலிருந்தே உரியது. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கிற் சேராது. ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் அனுப்ப வேண்டும். தாமதித்தால், தாமதத்தின் அளவுக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மிகைக்கட்டணம் உண்டு. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையிலிருந்து இளைப்பாறும்போது இதனைப் பெறலாம்.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழில் தருபவர் நூற்றுக்கு 3 செலுத்துவார். ஊழியரிடம் ஒரு சதமும் வெட்டக்கூடாது. இந்த நிதியிலே பலர் அறியாத உதவிகள் உண்டு. இருதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்ணுக்கு வில்லை வைத்தல் ஆகியவற்றின் செலவுக்கு உதவி உண்டு. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்புறுதிப் பணம் உண்டு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையில் தேறிய பிள்ளைகளுக்கும் உதவி உண்டு.

மூன்றாவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு சேவையை நிறைவு செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரராயின் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. தாமாக விலகினாலும் உண்டு. நான்கு ஆண்டும் பத்து மாதமும் வேலை செய்துவிட்டு, கோபத்தினாலோ அவசரத்தினாலோ விலகுகின்ற இளைஞன், இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் வந்திருக்கும் காசை விட்டுவிட்டுப் போகின்றான். வேலை மாற எண்ணுபவர் நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

இலக்கமாகச் சொன்னால் விளங்கும். மாதம் 60,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கு அவர் பங்கு 4,800 ரூபா, முதலாளியின் பங்கு 7,200 ரூபா, இரண்டும் 12,000. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 1,800. ஆக மாதம் 13,800 ரூபாவும், ஆண்டுக்கு 1,65,600 ரூபாவும் அவர் பெயரிற் சேரவேண்டும். பத்து ஆண்டு கழித்து அதே சம்பளத்தில் விலகினாலும் பணிக்கொடை 3,00,000 ரூபா. இது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தர்மம் அன்று. அவர் உழைத்த கூலியின் ஒரு பகுதியே, பின்னாளுக்கென்று தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றது. தன் கூலியைப் பற்றி ஒருவன் விசாரிப்பதில் என்ன மரியாதைக் குறைவு இருக்கின்றது?

நான்காவது, லீவு. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, ஓர் ஆண்டு வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 14 நாள் வருடாந்த லீவும், சொந்த அலுவலுக்கும் வருத்தத்துக்குமாக 7 நாள் லீவும் உண்டு. வருடாந்த லீவில் 7 நாளாவது தொடர்ச்சியாக எடுக்கக் கொடுக்கவேண்டும். இரண்டையும் சேர்த்தால் 21 வேலைநாள், அதாவது ஏறக்குறைய நான்கு வாரம். அரசாங்க உத்தியோகத்தருக்கு அமய லீவு 21 நாளும் ஓய்வு லீவு 24 நாளும் உண்டு. வருடாந்த லீவு, சேமலாப நிதியைப்போல ஆண்டுக்காண்டு பெருகும் முதல் அன்று. உரிய காலத்தில் எடுக்காவிட்டால் கைநழுவிப் போய்விடும். எமது தந்தையார் இருபது ஆண்டு லீவு எடுக்காமல் இருந்தார். அதனால் அவர் சேர்த்தது ஒருநாளும் இல்லை.

தாய்மை லீவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கடை, காரியாலயங்களில் வேலை செய்யும் பெண்ணுக்கு 84 வேலைநாட்கள் முழுச் சம்பளத்துடன் உண்டு. ஞாயிறு, போயா முதலிய விடுமுறைகள் இதில் எண்ணப்படா. ஆகவே ஏறத்தாழ மூன்றரை மாதம் ஆகும். தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோருக்கு 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டத்தின்படி 12 வாரம். முன்னர் மூன்றாம் பிள்ளை முதற்கொண்டு இந்த லீவு பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018இல் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. பிள்ளை பெறுவதைக் காரணங்காட்டி ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. இதை அறியாமல், கருவுற்றவுடனே வேலையை விட்டுவிடும் சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். மாமியாரும் கணவரும் சேர்ந்து “விட்டுவிடு” என்று சொல்லுமுன், எதை விடச் சொல்கின்றோம் என்று கணக்குப் பார்க்கவேண்டும்.

உரிமைகளை அறிந்தால் மாத்திரம் போதாது. ஒழுங்கு செய்யவேண்டும். நாம் எமது வீட்டிலே இப்போது செய்துவருவதைச் சொல்லுகின்றோம். ஒரு சாதாரணப் பாடசாலைக் கொப்பி. அதில் நான்கு பக்கம்.

முதற்பக்கத்தில், உழைப்பவர் ஒவ்வொருவரின் சேமலாப நிதி இலக்கம், வேலையில் சேர்ந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், ஆண்டு முடிவில் நிதியிலிருந்த தொகை ஆகியவற்றை எழுதினோம். பெயரின் எழுத்துக்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே நிதியின் பதிவிலும் இருக்கின்றனவா என்று பார்த்தோம். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதிவிடுவார்கள். அந்தச் சிறு பிழை பின்னர் பெரிய அலைச்சலாகும்.

இரண்டாம் பக்கத்தில் லீவுக் கணக்கு. ஆண்டுத் தொடக்கத்திலேயே வருடாந்த லீவில் ஏழு நாளைக் குடும்பத்தோடு இருப்பதற்கென்றும், மற்ற ஏழு நாளை எதிர்பாராத வருத்தத்துக்கென்றும் பிரித்துவைக்கின்றோம். சத்திரசிகிச்சைக்கு வைத்தியர் நாட்குறித்தால், அன்றே கந்தோருக்கு எழுத்திலே அறிவித்து, எந்த லீவிலிருந்து எத்தனை நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுகின்றோம். வைத்தியச் சான்றிதழின் பிரதி ஒன்றும் எம்மிடம் இருக்கும்.

மூன்றாம் பக்கம் வருத்தத்துக்கான காசு. காசு தேவைப்படும்போது எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசையை, நல்ல உடம்போடு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். முதலிற் சம்பளத்துடன் கூடிய லீவு. அடுத்தது வேலைத்தலத்திலே வைத்தியக் காப்புறுதி இருந்தால் அது. சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் பல கம்பனிகள் கொடுக்கின்றன. அரசாங்க உத்தியோகத்தருக்கு ‘அக்ரஹார’ என்னும் காப்புறுதி உண்டு. காப்புறுதி இருக்கின்றது என்று கேள்விப்பட்டால் போதாது. மனைவி பிள்ளைகளுக்கும் உண்டா, பெற்றோருக்கும் உண்டா, எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மூலப் பற்றுச்சீட்டு வேண்டுமா என்று வருத்தம் வருமுன்பே கேட்டறிய வேண்டும். மூன்றாவது நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் உதவி. நான்காவது வங்கியிலே தனிப் புத்தகத்தில் சேர்த்துவைத்த மூன்று மாதச் செலவுக்குரிய காசு. எமது வீட்டில் அது இன்னும் மூன்று மாதமாகவில்லை. ஒரு மாதத்தைத் தாண்டியிருக்கின்றது.

இவற்றுக்கெல்லாம் பின்னரே சேமலாப நிதி. 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், வீட்டுத் தேவைக்கும் விதிகளிற் கூறிய வைத்தியச் சிகிச்சைக்கும் வயது வருமுன்பே நிலுவையில் நூற்றுக்கு 30 வரை எடுப்பதற்கு வழி செய்தது. பத்து ஆண்டுக்குக் குறையாமல் பங்களித்தவருக்கே அது உரியது. உயிர் காக்கவேண்டிய நேரத்தில் அதை எடுப்பதிற் குற்றமில்லை. ஆனால் அது முதுமையின் சோறு. அதைத் தொடுகின்றவர், எழுபது வயதுத் தம்மிடமிருந்தே கடன் வாங்குகின்றார் என்பதை நினைக்கவேண்டும்.

நான்காம் பக்கத்தில் பின்னுரித்தாளியின் பெயர், அதாவது உறுப்பினர் இறந்தால் அந்தப் பணத்தைப் பெறவேண்டியவரின் பெயர். திருமணத்துக்கு முன் வேலையிற் சேர்ந்தபோது தாயின் பெயரை எழுதிவிட்டு, மனைவியும் மக்களும் வந்தபின்னும் மாற்றாமல் விட்டவர்கள் பலர். தாயும் மருமகளும் ஒரே துயரத்தில் இருக்கும்போது ஒரு கடதாசி அவர்களைப் பிரித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை அது. அதைச் செய்யாமல் விடுவது அன்பாகாது.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்லவேண்டும். திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டு விலகும் பெண் தன் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. அந்தக் காசு மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் போவதைக் காண்கின்றோம். அவள் பல ஆண்டு உழைத்தது ஒருநாட் சாப்பாட்டில் முடிந்துவிடுகின்றது. அது அவள் பெயரிலேயே வங்கியில் கிடந்தால் எத்தனை வருத்தத்துக்கு உதவும்! மற்றையது, நிதியொன்றே போதும் என்று இருந்துவிடலாகாது. 2022ஆம் ஆண்டில் நிதி உறுப்பினருக்கு நூற்றுக்கு 9 வட்டி கொடுத்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பின் விலைவாசியோ முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 70 அளவு ஏறியிருந்தது. கையிலே ஒரு தொழிலும், வளவிலே நாலு பயிரும், வங்கியிலே சிறிது காசும் சேர்ந்திருந்தாலே குடும்பம் நிலைக்கும்.

“நாளைக்கு வருத்தம் வருமென்று இன்றைக்கே பேசுவது அபசகுனம்” என்று சில பெரியோர் சொல்லக்கூடும். எமது பாட்டியும் அப்படித்தான் சொன்னார். நாம் அவருக்குச் சொன்னது இதுதான்: “ஆச்சி, மாரி வருமுன் நீங்கள் கூரை வேயச் சொல்லுவீர்களே, அது மழையை அழைப்பதா?” அவர் சிரித்துவிட்டு, தம் இளைப்பாற்றுச் சம்பளப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொப்பியில் எழுதச் சொன்னார்.

முடிவாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். எமது சங்கத்திலே கந்தோர்களில் வேலை செய்து இளைப்பாறிய பெரியோர் பலர் இருக்கின்றனர். படிவங்களின் நுணுக்கமெல்லாம் அவர்கள் அறிவர். இளைஞராகிய எமக்கு இணையத்திலே தேடத் தெரியும். ஆயினும் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாது. ஆண்டுக்கு ஒருநாள், தை மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே மண்டபத்திற் பாய் விரித்து இரு பகுதியாரும் அமர்வோம். ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தகரத்தைக் கொண்டுவரட்டும். தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்யும் அயலவர்களையும் அழைப்போம். உடைக்காத உறைகளை உடைப்போம். ஒரு தாயின் சங்கிலியாவது அடைவுகடைக்குப் போகாமல் தப்பினால் அந்த நாள் வீண்போகாது.

எமது தாயாரின் காப்பு சென்ற மாதம் மீண்டுவிட்டது. சங்கிலி இன்னும் மீளவில்லை. ஆனால் இந்த ஆண்டு எமது தந்தையார், இருபத்திரண்டு ஆண்டிற் பின் முதன்முறையாக, ஏழு நாள் தொடர்ச்சியாக லீவு எடுத்துக்கொண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்து நின்றார். லீவுக் கடிதத்தைத் தாமே எழுதினார். அதன் பிரதியைக் கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கின்றார்.